மூன்று கார்டு மாற்றியும் தீராத பழுது: ஒரு 32 வெள்ளி லாஜிக் அனலைசரைப் பற்றி

ஒழுங்காக ரீபூட் செய்தால் எழுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் உடனே எழுந்துவிடுகிறது. பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இருக்கும் ஒற்றைப் பலகைக் கணினியைப் பற்றி நூலகப் பொறுப்பு டீச்சர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "இடி இடிச்சு கரண்டு போன அன்னிக்கெல்லாம் நல்லா இருக்குது அக்கா. ஒண்ணுமே நடக்காத அன்னிக்குக் காலைல வந்து பார்த்தா செத்துக் கிடக்குது" என்றார். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் லைனில் 14 வருடம் நின்றவள் நான். இப்படித் தலைகீழாக நடக்கும் பழுதைக் கேட்டுவிட்டால் அதை விட்டு நகர எனக்கு மனம் வராது.

அந்தப் பழுதைப் பிடிக்க நான் வாங்கிய கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ், யூஎஸ்பி லாஜிக் அனலைசர். வயரில் ஓடும் சிக்னலை ஒன்று, சுழி என்று பதிவு செய்து திரையில் காட்டும் கருவி. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. தபால் செலவோடு 32 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மின்னணுத் தொழிற்சாலைகள் இத்தனை இருக்கும் இந்தத் தீவில் வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் குறைவு. மெமரி கார்டில் ஓடும் சின்னக் கணினியோடு மல்லுக்கட்டுகிற யாருக்கும் இது உதவும் என்பதால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

பள்ளியில் அந்தக் கணினிக்கு ஒரே வேலை. பழைய தேர்வுத்தாள்கள், கதைப் புத்தகங்கள், ஆசிரியைகள் குரலில் பதிவு செய்த பாடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இணையம் இல்லாமலே பிள்ளைகளின் கைக்கணினிகளுக்கு அவற்றைக் கொடுக்கும். தினமும் விடியற்காலை 3 மணிக்குத் தானே ரீபூட் ஆகும்படி யாரோ அமைத்திருந்தார்கள். 8 ஜிபி கார்டில் இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. இடம் போதவில்லை என்று 64 ஜிபி கார்டு போட்டார்கள். மறுநாள் காலையிலேயே பிரச்சினை ஆரம்பித்தது.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கார்டு போலி, வேறு கார்டு மாற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுத்து இரண்டாவது கார்டு வாங்கியது. பிறகு மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு கம்பெனி. மூன்றிலும் அதே கதை. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு நல்ல அகராதி ஒன்றிரண்டு வாங்கியிருக்கலாம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மூன்று கார்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எஃப்3 என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். அது கார்டு நிறையும்வரை எழுதி, எழுதியதை முழுதும் திரும்பப் படித்துப் பார்க்கும். 64 ஜிபி என்று அச்சடித்துவிட்டு உள்ளே 8 ஜிபி வைத்து விற்கும் கார்டுகள் இதில் மாட்டிக்கொள்ளும். மூன்றும் அசல். ஒரு பைட்டும் கெடவில்லை. ஆக, கார்டு மேல் பழி போட முடியாது.

அடுத்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவுகள். மெமரி கார்டோடு பேசும் மென்பொருளான டிரைவர் குறை சொல்லும்போது பெரும்பாலும் இரண்டு எண்கள்தான் வரும்: கழித்தல் 110 என்றால் கார்டு நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை, கழித்தல் 84 என்றால் பதில் வந்தது, ஆனால் வழியில் சிதைந்து வந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு மின்சாரத்தையும் வோல்டேஜையும் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு வயரையும் வேகத்தையும் பார்க்க வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை. எழுந்திருக்கும் நேரமெல்லாம் பதிவு சுத்தமாக இருந்தது. எழாத நேரத்தில் பதிவே இல்லை.

ஒன்று மட்டும் குறித்துவைத்தேன். கெர்னலின் டீபக் அடைவில், எம்எம்சி0 என்ற கோப்புறைக்குள், ஐஓஎஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். கார்டோடு இப்போது எந்த வேகத்தில், எத்தனை வயரில், எந்த வோல்டேஜில் பேசுகிறோம் என்று டிரைவர் அதில் சொல்லும். புதுக் கார்டு போட்டால் சிக்னல் வோல்டேஜ் 1.80 என்று காட்டியது. பழைய 8 ஜிபி கார்டில் 3.30. அப்போது அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. தாளில் எழுதி ஒட்டிவைத்தேன்.

பிறகு சீரியல் வயர் போட்டேன். பலகையில் மூன்று ஊசி இருக்கும்: தரை, அனுப்புவது, பெறுவது. கணினி எழும்போது திரையில் வருவதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அதில் எழுத்தாக வரும். ரீபூட் கட்டளை கொடுத்தேன். "ரீஸ்டார்ட்டிங் சிஸ்டம்" என்று கடைசி வரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட இல்லை. கார்டிலிருந்து முதல் துண்டு நிரலைக்கூட எடுக்க முடியவில்லை என்றால்தான் இப்படி இருக்கும். கெர்னல் வருவதற்கு முன்னாலேயே, பலகையின் முக்கியச் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் நிரலின் நிலையிலேயே விழுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு முழு மாலை போனது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் நடக்கும். சீரியல் வயர் மாட்டிய பிறகு பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலும் கணினி எழவில்லை. அதுவரை தவறாமல் வேலை செய்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது. பலகையே போய்விட்டது என்று பயந்துவிட்டேன். அறையின் விளக்கை அணைத்தபோதுதான் கண்ணில் பட்டது: பிளக் கையில் இருக்கிறது, பலகையில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறது. சீரியல் அடாப்டரின் அனுப்பும் வயர் வழியாக மின்சாரம் பலகைக்குள் கசிந்துகொண்டிருந்தது. கார்டுக்கு மின்சாரம் போகும் மின்காலில் மீட்டர் வைத்தேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றது. இந்த வகை மெமரி கார்டுகளுக்கான எஸ்டி தரவிதிப்படி கார்டு உண்மையாகவே அணைந்து எழ வேண்டுமென்றால் அதன் மின்சாரம் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, குறைந்தது ஒரு மில்லி விநாடியாவது அங்கே இருக்க வேண்டும். இங்கே அது இறங்கவே இல்லை. அந்த வயரைக் கழற்றினேன், பலகை எழுந்தது. பலகை சொல்வதைப் படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் அந்த ஒரு வயரை மாட்டாமலே விட்டுவிடுங்கள்.

அந்த மாலை வீணாகவில்லை. கார்டுக்கு மின்சாரம் முழுதாக நின்றால்தான் எழுகிறது என்ற உண்மை அதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரீபூட்டின்போது கார்டுக்கும் சிப்புக்கும் நடுவே என்ன பேச்சு நடக்கிறது என்று இனி வயரிலேயே கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சைப்ரஸ் கம்பெனியின் எஃப்எக்ஸ்2 வகை சிப். அந்தக் கம்பெனியை 2020-இல் வாங்கிய இன்ஃபினியனுக்குப் பாலம் தாண்டிக் கூலிமில் ஆலை இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் போல ஒரு நெருக்கம் எனக்கு. சிப்பில் சொந்த நிரல் கிடையாது. கணினியோடு இணைத்ததும் மென்பொருள்தான் அதற்குள் நிரலை ஏற்றும். சிக்ராக் என்ற திறந்த மூலத் திட்டமும் அதன் பல்ஸ்வியூ என்ற திரை மென்பொருளும் இதை நன்றாக ஓட்டுகின்றன. லினக்ஸில் செருகியதும் வேலை செய்தது. விண்டோஸில் யூஎஸ்பி டிரைவரை ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த மலிவுப் பெட்டிகளில் சில, விலை உயர்ந்த அசல் கருவி ஒன்றின் அடையாள எண்ணைக் காட்டி அந்தக் கம்பெனி மென்பொருளிலும் ஓடும். அதைச் செய்யாதீர்கள். அது அவர்கள் தங்கள் கருவியை வாங்கியவர்களுக்காக உழைத்து எழுதியது. சிக்ராக் எல்லாருக்கும் பொது.

கூட வந்தவை: ஒரு யூஎஸ்பி வயர், பத்து சின்ன வயர்கள். சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் இல்லை. இது பெரிய குறை. கொக்கி இல்லாமல் மெமரி கார்டு சாக்கெட்டின் கால்களைப் பிடிக்க முடியாது. இன்னொரு குறை, பெட்டியில் சேனல்கள் 1 முதல் 8 வரை அச்சடித்திருக்கிறது. பல்ஸ்வியூவில் டி0 முதல் டி7 வரை வருகிறது. ஒன்று தள்ளி எண்ண வேண்டும். முதல் நாள் கடிகாரக் கோட்டையும் கட்டளைக் கோட்டையும் மாற்றிப் படித்து ஒரு மணி நேரம் போனது. வெள்ளை ஸ்டிக்கரில் நானே 0 முதல் 7 வரை எழுதி ஒட்டிவிட்டேன்.

கார்டைத் தொட முதலில் ஒரு நீட்டிப்பு அட்டை வாங்கினேன். ஒரு முனையைப் பலகையில் செருகினால் மறுமுனையில் கார்டு போடலாம், நடுவே ரிப்பன் வயர். அதைப் போட்டதும் கழித்தல் 84 வரிசையாகக் கொட்டியது. அவ்வளவு வேகத்தில் அந்த நீள வயர் சிக்னலைக் கெடுக்கிறது. என் பழுதின் மேல் அதுவே ஒரு புதுப் பழுதைச் சேர்த்தது. எடுத்துப் போட்டுவிட்டு, பலகைக்கு அடியில் சாக்கெட்டின் கால்களில் மெல்லிய வயரைக் குட்டையாக வெட்டிப் பற்றவைத்தேன். கடிகாரம், கட்டளை, நான்கு டேட்டா கோடுகள், ஆக ஆறு. மிச்சம் இருந்த இரண்டு சேனலில் ஒன்றைக் கார்டின் மின்காலில் வைத்தேன். ஆறு போதும் என்று விட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது.

24 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது விநாடிக்கு 24 மில்லியன் மாதிரி எடுக்கும் என்பதுதான். 24 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் படிக்கும் என்று அர்த்தம் இல்லை. நம்பிப் படிக்கக்கூடியது ஐந்தாறு மெகாஹெர்ட்ஸ் வரை. கார்டு முழு வேகத்தில் 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது இந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது, திரையில் குப்பைதான் வரும். ஆனால் எந்த எஸ்டி கார்டானாலும் எழும் நேரத்தில் முதல் அறிமுகப் பேச்சை 400 கிலோஹெர்ட்ஸுக்குள் மெதுவாகத்தான் நடத்த வேண்டும், அது தரவிதி. என் பழுது இருந்தது அந்த மெதுவான இடத்தில். விநாடிக்கு 4 மில்லியன் மாதிரியே தாராளமாகப் போதுமானது. முழு 24-இல் வைத்தால், அதே யூஎஸ்பி ஹப்பில் வேறு ஏதாவது இருந்தால் பதிவு நடுவிலேயே நின்றுவிடுகிறது. மடிக்கணினியின் துளையில் நேராகச் செருகுங்கள்.

பல்ஸ்வியூவில் எஸ்டி கார்டுக்கென்றே ஒரு டிகோடர் இருக்கிறது. கடிகாரக் கோட்டையும் கட்டளைக் கோட்டையும் காட்டிவிட்டால் மேலும் கீழும் போகிற கோடுகளைக் கட்டளைகளாகப் படித்துக் கொடுக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொழிற்சாலையில் பெரிய இயந்திரங்களில் பார்த்ததை என் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறேன்.

பிளக்கைச் செருகி எழும்போது: சிஎம்டி0, முதல் நிலைக்குத் திரும்பு. சிஎம்டி8, இந்த வோல்டேஜ் உனக்குச் சரியா. சரி என்று கார்டு பதில். பிறகு ஏசிஎம்டி41, தயாரா தயாரா என்று பலமுறை. சிப்புக்குள் இருக்கும் ரோம் இப்படி ஒருமுறை பேசி முதல் நிரலை எடுக்கிறது. கொஞ்சம் கழித்து கெர்னல் அதே பேச்சை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறது. ஆனால் இம்முறை ஒரு கட்டளை கூடுதல்: சிஎம்டி11. "இனி 1.8 வோல்ட்டில் பேசலாம்" என்பதுதான் அதன் பொருள். அதன் பிறகு ஐந்து மில்லி விநாடிக்குக் கடிகாரம் நிற்கிறது. அப்புறம் வேகம் கூடி என் கருவியின் பார்வைக்கு அப்பால் போய்விடுகிறது.

பழைய 8 ஜிபி கார்டில் சிஎம்டி11 வரவே இல்லை. அந்தக் கார்டுக்கு 1.8 வோல்ட் பேச்சு தெரியாது. 2010-இல் வந்த யூஎச்எஸ் என்ற வேகத் தரத்துக்குப் பிறகுதான் கார்டுகளுக்கு அது வந்தது. கார்டின் மேல் ரோம எண் ஒன்று (I) தனியாக அச்சாகியிருந்தால் அது அந்த வகை. மூன்று புதுக் கார்டிலும் அந்தக் குறி இருந்தது. தாளில் எழுதி ஒட்டியிருந்த 1.80-உம் 3.30-உம் அப்போதுதான் பேசின.

இப்போது ரீபூட். கெர்னல் விடைபெறுகிறது. சிப் மறுபடி எழுந்து, தன் பக்கத்தை 3.3 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, சிஎம்டி0 சொல்கிறது. சிஎம்டி8 சொல்கிறது. மறுபடி சிஎம்டி0. கார்டின் பதில் சில பதிவுகளில் ஒடிந்து ஒடிந்து தெரிகிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. ஏழாவது சேனலைப் பார்த்தேன், கார்டின் மின்கால். ரீபூட் முழுவதும் ஒரே நேர்க்கோடு. ஒரு கணம்கூட இறங்கவில்லை.

ஒருமுறை 1.8-க்குப் போன கார்டை 3.3-க்குத் திருப்பிக் கொண்டுவர மின்சாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. சிஎம்டி0 அதை மாற்றாது. நல்ல பலகைகளில் கார்டின் மின்காலுக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், டிரைவர் அதை அணைத்துப் போடும். இந்தப் பலகையில் கார்டு நேராக 3.3 வோல்ட் கோட்டிலேயே ஒட்டியிருக்கிறது. ஆகவே ரீபூட்டுக்குப் பிறகு சிப் 3.3-இல் கேட்கிறது, கார்டு 1.8-இல் பதில் சொல்கிறது. 3.3 வோல்ட் பக்கத்துக்கு ஏறத்தாழ 2.06 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அது "ஒன்று" என்று கணக்கு. கார்டு பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கும் பக்கத்துக்குத்தான் அது எட்டவில்லை.

இதை உறுதி செய்ய இந்தப் பெட்டி போதாது. அதற்கு உயரம் தெரியாது, ஒன்றா சுழியா என்று மட்டும்தான் தெரியும். எல்லைக்கோட்டில் நிற்கும் 1.8 வோல்ட்டை அது ஒருமுறை ஒன்று என்கிறது, இன்னொருமுறை சுழி என்கிறது. என்னோடு டெஸ்ட் லைனில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் தன் ஆசிலோஸ்கோப்போடு குளுகோரில் என் வீட்டுக்கு வந்தார். பசியாறிவிட்டு முனையை வைத்தோம். கார்டின் பதில் சரியாக 1.8-இல் நின்றது. "பாவம் தங்கச்சி இந்தக் கார்டு, நாலு மாசமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கு" என்றார். ஸ்கோப் வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்து வைத்திருங்கள். விலையில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம்.

தீர்வு ஒரே வரி. டிவைஸ் ட்ரீ என்று ஒரு கோப்பு, பலகையில் எந்தச் சாதனம் எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது. இந்தப் பலகையின் கோப்பில் கார்டு வேகமான யூஎச்எஸ் முறையில் ஓடலாம் என்று எழுதியிருந்தார்கள். சிப்பில் கார்டோடு பேசும் பகுதியான கட்டுப்படுத்தி எஸ்டிஎச்சிஐ என்ற பொதுத்தர வகை என்பதால், நோ-1-8-வி என்ற ஒரு குறிப்பை அந்தப் பகுதியில் சேர்த்து, கோப்பைத் திரும்பத் தொகுத்துப் போட்டேன். சிஎம்டி11 போகவில்லை. ரீபூட் ஆனது.

ஒருமுறை ஆனதை நான் நம்புவதில்லை. எழுந்ததும் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு மறுபடி ரீபூட் ஆகும்படி ஒரு சின்ன நிரல் எழுதி 50 முறை விட்டேன். 50 முறையும் எழுந்தது. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முதல் ரீபூட்டிலேயே விழுந்தது. வரியைத் திரும்பப் போட்டேன், எழுந்தது. பழுதை வேண்டும்போது வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பிறகுதான் டீச்சருக்குப் போன் பண்ணினேன்.

வேகம் குறையாதா என்று பள்ளிக் கிராணி கேட்டார். நியாயமான கேள்வி. 3.3 வோல்ட்டில் இருந்தால் கார்டுக்கு உச்ச வரம்பு விநாடிக்கு 25 மெகாபைட். யூஎச்எஸ்ஸில் அதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போயிருக்கும். ஆனால் அந்தப் பலகையின் நெட்வொர்க் துளை 100 மெகாபிட், அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு மெகாபைட் அளவுக்குமேல் வெளியே போக வழியே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பெரிய கோப்புகளை உள்ளுக்குள்ளேயே நகர்த்துகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தீர்வு வலிக்கும். அவர்கள் கார்டின் மின்காலுக்கு ஒரு ஸ்விட்ச் வைத்த பலகையாகப் பார்த்து வாங்குவதே நல்லது. பலகையின் வரைபடத்தைக் கம்பெனி வெளியிட்டிருந்தால் வாங்குமுன் அந்த ஒரு இடத்தைப் பாருங்கள்.

கருவியைப் பற்றி என் முடிவு: வாங்கலாம், தயங்காமல். ஆனால் கொக்கிகளுக்குத் தனியாகப் பத்து வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வேகமான சிக்னலில் தரம் பார்க்க இது உதவாது, வோல்டேஜ் பார்க்கவும் உதவாது. எழும் நேரத்துப் பேச்சு, சீரியல் கோடு, சென்சார்கள் பேசும் ஐ2சி, எஸ்பிஐ முறைகள், இவற்றுக்கு மிக நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு வயர்களின் முனை தளர்ந்துவிட்டது, பெட்டி அப்படியே இருக்கிறது. யூஎஸ்பி வயர் பழைய மினி வகை. அது தொலைந்தால் வீட்டில் வேறு இருக்காது என்பதால் பெட்டியோடே ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

நூலகத்தில் இப்போது மூன்று 64 ஜிபி கார்டு இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, ஒன்று மாற்று. மூன்றாவதில் டீச்சர் பிள்ளைகளின் கதை வாசிப்பைப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறார். அதே பலகை பட்டர்வொர்த்திலும் ஒரு பள்ளியில் இருக்கிறதாம், அங்கேயும் காலையில் எழுவதில்லையாம். வரும் சனிக்கிழமை பெட்டியையும் கொக்கிகளையும் எடுத்துக்கொண்டு ஃபெரியில் போகிறேன். கார்டு எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.